படியில் இருந்த பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவுகிறவள் நான். பயத்தில் அல்ல, அலுப்பில். சொந்தக்காரர் கூடினால் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாயம் ஒருவர் தொடங்குவார், யாரோ யாரையோ கண்டது, நாய் ஊளையிட்டது, லைட் அணைந்தது என்று. எனக்கு அதெல்லாம் வேலையில்லாதவர்களின் கதை. இன்றைக்கும் பேயை நம்புகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவேன். ஆனால் எங்கள் வீட்டுப் பேஸ்மென்ட் படியில் நடந்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்களுக்கு முன்னால் கதைக்க வாய் வராது, அதனால் எழுதுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

நானும் மகள் தர்சியும் இந்தப் பனிநாட்டில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், ஒரு பழைய வீட்டில் இருக்கிறோம். கணவர் இறந்த பிறகு எனக்கு அவள் ஒருத்திதான். முப்பத்தைந்து வயது, ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. பனி விழுந்தால் மற்றவர்கள் பனி அள்ளுகிற சவளைத் தேடுவார்கள், இவள் ஸ்னோபோர்ட்டைத் தேடுவாள். பக்கத்தில் இருக்கிற சின்னச் சரிவுகளில் சறுக்கும்வரை நான் ஒன்றும் சொன்னதில்லை, அங்கே கம்பியில் தொங்கும் கதிரை ஆளை மேலே கொண்டுபோய் விடும், விழுந்தால் தூக்க ஆட்கள் நிற்பார்கள். போன குளிர்காலம் அவளுக்கு வேறு ஆசை வந்தது. மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில், கம்பியும் இல்லாத ஆட்களும் இல்லாத இடத்தில், தானே நடந்து ஏறித் தானே சறுக்கி இறங்க வேண்டுமாம், மூன்று சிநேகிதரோடு. அதற்கு ஸ்பிளிட்போர்ட் என்ற பலகை வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே இருந்தாள்.

அது என்னவென்று எனக்கும் விளங்கப்படுத்தினாள். நீளப்பாட்டுக்கு நடுவால் இரண்டாகப் பிரிகிற பலகை. ஏறும்போது பிரித்து, ஒரு காலுக்கு ஒரு பாதி. அடியில் ரோமம் மாதிரி ஒரு நாடாவை ஒட்டினால் முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. உச்சியில் நாடாவை உரித்துப் பாதிகளைச் சேர்த்துக் கொளுவினால் பழையபடி ஒரே பலகை, அதில் நின்று இறங்குவது.

“நடுவிலை பிரியிற சாமானை நம்பியோ பிள்ளை மலையிலை ஏறப்போறாய்?” என்றேன்.

“சேத்துக் கொளுவினால் பிரியாதம்மா. எங்கட ஆக்களின்ரை கலியாணத்தை விடக் கெட்டி.”

சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு நெஞ்சுக்குள் ஒரு கல். பனிச்சரிவு என்ற சொல்லை அவள் ரெலிபோனில் சிநேகிதரோடு கதைக்கும்போது கேட்டிருந்தேன். அதை என்னிடம் சொல்லும்போது மட்டும் சொல்லாமல் விடுவாள்.

கடையிலிருந்து புதுப் பலகை ஒன்று கொண்டுவந்தாள், பாவிக்காமல் வைத்திருந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்லி. கொஞ்சம் விறைப்பு, தன் பாரத்துக்குக் கொஞ்சம் நீளம் கூட என்று குறை சொன்னாள். பிறகு ரூஜ் என்கிற இடத்தில் எங்கள் ஆள் ஒருவர் பாவித்த பலகை விற்கிறார் என்று கண்டுபிடித்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மரக்கறியும் வாங்கலாம் வாங்கோ என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

புது வீடுகள் இருக்கிற ஒழுங்கை. கதவைத் திறந்தவருக்கு நாற்பது நாற்பத்தைந்து இருக்கும், சவரம் செய்யாத முகம். பலகையைக் கொண்டுவந்து வாசலுக்குள் சுவரில் சாத்தினார். தர்சி குனிந்து அளந்து பார்த்தாள், திருகுகளைப் பார்த்தாள், சப்பாத்துக் கொளுவுகிற கட்டுகளுக்குள் தன் காலை வைத்துப் பார்த்தாள்.

“அண்ணை, இது உங்கட போர்டோ? சின்னனா இருக்கு.”

“மனிசியின்ரை. அவ இப்ப போறேல்லை,” என்றார் அவர்.

நான் சப்பாத்தைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் வாசலில் கால் துடைக்கிற மிதியடியில் நின்றேன். அப்போதுதான் அந்தப் பிள்ளையைக் கண்டேன். மேல்மாடிக்குப் போகிற படியில், நடுப்படியில் இருந்தாள். கம்பளித் தொப்பி, காலில் தடித்த மேசு, தோளில் விழுந்த தலைமயிர் ஈரம். தர்சியின் வயதுதான். முழங்காலைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவதான் அவர் சொன்ன மனைவி, விற்க மனமில்லை போல, பாவம் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள். எனக்குப் புது ஆட்களோடு என்ன கதைப்பதென்று வராது. ஆனால் ஒருவர் சிரித்தால் சும்மா நிற்கவும் கூடாது அல்லவா. தர்சி பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்க, நான் படியைப் பார்த்து எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வதைச் சொன்னேன்.

“ஒருநாளைக்கு எங்கட வீட்டை வாங்கோவன்.”

அவள் தலையை ஆட்டினாள். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், படியைப் பார்த்தார், பிறகு கதவைச் சாத்தினார். கோபக்காரர் போல என்று நினைத்தேனே ஒழிய, வேறு எதையும் நினைக்கவில்லை, சத்தியமாக.

இரண்டு பலகைகளும் பேஸ்மென்ட் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பழையது அவளுக்கென்றே செய்தது போல இருந்தது. கட்டுகளுக்கு நடுவே இருக்கிற தூரம், அதன் சரிவு, எல்லாம் அவள் காலுக்குத் திருகு ஒன்றும் அசைக்கத் தேவையில்லாமல் இருந்ததாம்.

“இப்பிடி ஆருக்கும் அமையாதம்மா. பெர்ஃபெக்ட்.”

“புதுசு புதுசுதானே பிள்ளை.”

“நீங்கள் புதுசு எண்டால் பிளாஸ்டிக் பூவையும் வாங்குவியள்.”

எனக்கு ஏனோ பழையதில் மனம் ஒட்டவில்லை. அவள் வேலைக்குப் போன நேரம் புதுப் பலகையின் நுனியில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டேன். புதுக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பொட்டு வைப்பதில்லையா, அதுபோலத்தான், பொட்டு வைத்த சாமானைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வராது என்றும் ஒரு எண்ணம். வந்து பார்த்துவிட்டு, “அம்மா, உது கார் இல்லை. சக்கரத்துக்குக் கீழை தேசிக்காய் வைக்கேல்லையோ?” என்று கேட்டாள். துடைக்கவும் இல்லை, எதைக் கொண்டுபோவதென்று முடிவு சொல்லவும் இல்லை.

அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. பீக்கன் என்று கைக்குள் அடங்குகிற ஒரு கருவி. மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் அதை உடம்பில் கட்டியிருக்க வேண்டும், அது ஓயாமல் சைகை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் பனிக்குள் புதைந்துபோனால் மற்றவர்கள் தங்கள் பீக்கனில் அனுப்புவதை நிறுத்தி, தேடுவதற்கு மாற்றிக்கொண்டு தேடுவார்கள். எந்தப் பக்கம் என்று அம்புக்குறி காட்டும், எத்தனை மீற்றர் என்று எண் காட்டும், எத்தனை பேர் புதைந்திருக்கிறார்கள் என்பதைக் கீழே சின்ன மனிதப் படமாகக் காட்டும். அவளிடம் இரண்டு இருந்தன, ஒன்று சிநேகிதியினுடையது. பின்னேரங்களில் நான் ஒன்றை ஒளித்துவைப்பேன், மற்றதை வைத்து அவள் தேடிப் பிடிப்பாள். அரிசி வாளி, உடுப்புக் கூடை, ஒருநாள் சாமிப்படத்துக்குப் பின்னால். புதைந்த ஆளைத் தேடுகிற பழக்கம் என்பதை நினைக்காமல் இருந்தால் நல்ல விளையாட்டு. எனக்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் கண்டுபிடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அன்றைக்குப் பனி விடாமல் கொட்டியது. ஐந்து மணி இருக்கும், வெளியே இருட்டிவிட்டது. பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னால் பீக்கனை வைத்தேன். தர்சி மேலேயிருந்து இறங்கி வந்து தேடத் தொடங்கியவள் நின்றுவிட்டாள்.

“அம்மா, ரெண்டு ஆள் காட்டுது.”

“எனக்கென்ன தெரியும், நான் ஒண்டுதானே வைச்சனான்.”

“வீட்டுக்குள்ளை உதுக்குச் சிலநேரம் விசர்தான். வயர், பிரீசர் எல்லாத்தையும் பிடிக்கும்.” மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்து, நான் வைத்த பீக்கனை நிறுத்தினாள். கீழே இரண்டு மனிதப் படத்தில் ஒன்று மறைந்தது. மற்றது மறையவில்லை.

நான் அதிகம் படிக்காதவள்தான், ஆனால் எண் வாசிக்கத் தெரியும். அவள் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். பன்னிரண்டு என்று நின்றது. அம்புக்குறி மேல்வீட்டு வாசல் பக்கம் காட்டியது. தர்சி பிரீசரின் வயரைக் கழற்றினாள், போனை நிறுத்தினாள். அசையாமல் நின்றாள். அவள் நிற்க நிற்க எண் குறைந்தது. பத்து. ஏழு. பிறகு கொஞ்ச நேரம் ஏழிலேயே நின்றது, வாசலில் சப்பாத்துக் கழற்றுகிறவர்கள் நிற்பார்களே, அவ்வளவு நேரம். பிறகு ஐந்து. நான்கு.

“தர்சி, நீ நடக்கிறியோ?”

“நான் அசையேல்லையம்மா.” அவள் குரல் ஆய்வுகூடத்துக் குரலாக இல்லை.

அம்புக்குறி பேஸ்மென்ட் படியைக் காட்டியது. எண் இரண்டுக்கு வந்தது, அதற்குமேல் குறையவில்லை. படியில் லைட் எரிந்துகொண்டிருந்தது, ஒருவரும் இல்லை, பழைய கார்பெட் மட்டும். ஆனால் ஈரக் கம்பளி மணந்தது. நடுப்படி. எனக்கு அந்த வீட்டு நடுப்படி நினைவுக்கு வந்தது.

“அந்தப் பிள்ளை வந்திட்டுது,” என்றேன்.

“எந்தப் பிள்ளை?”

“பலகை வாங்கின வீட்டிலை, படியிலை இருந்தவ. அவரின்ரை மனிசி. நான்தானே வீட்டை வாங்கோ எண்டு சொன்னனான்.”

தர்சி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். “அம்மா, நீங்கள் அந்த அண்ணைக்கல்லோ சொன்னனீங்கள்? படியிலை ஒருத்தரும் இருக்கேல்லை.”

நான் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு ஓடத் தோன்றவில்லை, தேவாரம் பாடவும் தோன்றவில்லை. கூப்பிட்டது நான். கூப்பிட்டு வந்த ஆளை நின்று முழிசிப் பார்க்கிறோமே என்று வெட்கம்தான் முதலில் வந்தது, அதற்குப் பின்னால்தான் பயம். தேத்தண்ணி போடக் குசினிக்குப் போக அந்தப் படியால்தான் ஏற வேண்டும். படியில் ஆள் இருந்தால் எப்படி ஒதுங்கிப் போவோமோ அப்படிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சீலைத் தலைப்பைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நடுப்படியைக் கடக்கும்போது இடது பக்கம் முழுக்கப் பிரீசர் மூடியைத் திறந்தது போல இருந்தது. தர்சி கீழேயிருந்து, “அம்மா, வேண்டாம், அம்மா,” என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணி போட்டேன். சீனி நிலமெல்லாம் சிந்தியது. பால்மா போட்டு, விருந்தாட்களுக்கு எடுக்கிற கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்து, நடுப்படிக்கு மேல் படியில் வைத்தேன்.

“குடியுங்கோ பிள்ளை,” என்றேன். “குடிச்சிட்டு உங்கட வீட்டை போங்கோ. அங்கை அவர் பாத்துக்கொண்டிருப்பார். என்ரை பிள்ளை பலகையைத் திருப்பிக் கொண்டுவந்து தருவா. இவ எனக்கு ஒரு பிள்ளைதான்.”

வாழ்க்கையில் புது ஆள் ஒருவரோடு நான் அவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தரம்.

மேல்படியில் எவ்வளவு நேரம் குந்தியிருந்தேன் என்று தெரியாது. தர்சி கீழேயிருந்து மெதுவாகச் சொன்னாள், “அம்மா, மூண்டு.” பிறகு, “நாலு.” நான் எழும்பி முன்னுக்குப் போய் வாசல் கதவைத் திறந்தேன், வந்தவர் போகும்போது வாசல் வரை போக வேண்டும் அல்லவா. பனி முகத்தில் அடித்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. “ஏழு,” என்று கீழேயிருந்து கேட்டது. “ஒன்பது. அம்மா, போகுது.”

அந்த இடத்தில்தான் நான் பிழைவிட்டேன்.

எங்கள் சனம் போகிற ஆளைப் போ என்று சொல்லுமா? கடைக்குப் போகிறவனும் போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லுவான், நாங்களும் போட்டு வாங்கோ என்றுதான் அனுப்புவோம். செத்தவீட்டில் மட்டும்தான் ஒருவரும் சொல்லிக்கொள்ளாமல் எழும்பிப் போவது. எழுபது வருசமாக வாசலில் நின்று சொல்லிச் சொல்லித் தடித்த வாய். நினைப்பதற்குள் அது தானாகச் சொல்லிவிட்டது.

“போட்டு வாங்கோ.”

கீழே சத்தம் நின்றது. “தர்சி?” என்றேன்.

“பதினொண்டிலை நிண்டிட்டுதம்மா,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப ஒண்டும் காட்டேல்லை.”

கோப்பையில் தேத்தண்ணி ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் அதைத் தூக்கப் போனபோது விரல் சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டேன். சூடல்ல. அவ்வளவு குளிர், அந்தச் சூடான வீட்டுக்குள்ளே.

வயர், பற்றறி, பழைய வீடு என்று தர்சி நிறையக் காரணம் சொன்னாள். நானும் ஓம் ஓம் என்று கேட்டேன். ஆனால் அடுத்த நாளே பழைய பலகையைக் காரில் ஏற்றியது அவள்தான், நான் சொல்லவில்லை.

அந்த மனிதர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. “எனக்குச் சரிவரேல்லை அண்ணை,” என்று தர்சி பொய் சொன்னாள். அவர் பலகையை வாங்கிச் சுவரில் சாத்தினார். எங்களைப் பார்க்காமல் எங்களுக்குப் பின்னால் நின்ற காரைப் பார்த்தார்.

“நீங்கள் ரெண்டு பேர் மட்டுமோ வந்தனீங்கள் அன்ரி?”

“ஓம் தம்பி, நாங்கள் ரெண்டு பேர்தான்.”

தலையை ஆட்டினார். படியில் ஒருவரும் இருக்கவில்லை, நான் முதலில் பார்த்தது அதைத்தான். உங்கள் மனிசி எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம். நாங்கள் காரில் ஏறித் தெருமுனை திரும்பும்வரை, அந்தக் குளிரில், அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாத்தவில்லை.

தர்சி பொட்டு வைத்த புதுப் பலகையோடு மேற்கே போனாள். அந்தக் கிழமை முழுக்க நான் சாப்பிட்டது எண்ணிச் சொல்லலாம். கைகால் முழுசாகத் திரும்பி வந்தாள், கன்னமெல்லாம் வெயிலில் கறுத்து, வாயெல்லாம் சிரிப்பு. புதுப் பலகை விறைப்பென்று நினைத்தது நல்லதாகப் போனதாம். குசினியில் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு தொடங்கினாள்.

“சும்மா சொல்லுறன், உடனை பயப்பிடாதேங்கோ.”

மலை ஏற முன்னம் ஒருவர் நின்று மற்றவர்களின் பீக்கன் வேலை செய்கிறதா என்று பார்ப்பது வழக்கமாம். பார்க்கிறவரை விட்டால் மூன்று பேர், மூன்றுதான் காட்ட வேண்டும். நான்கு காட்டியதாம். பற்றறி மாற்றியும் நான்கு. வேறு ஒருவருடையதால் பார்த்தும் நான்கு. கருவி பிழையென்றால் நம்பி ஏற முடியாதென்று, அன்றைக்கு ஏற இருந்த சரிவை விட்டுவிட்டுக் கீழே மரங்களுக்குள் நடந்துவிட்டு வந்தார்களாம்.

“அந்தச் சரிவு பிறகு விழுந்ததோ?” என்று கேட்டேன்.

“இல்லையம்மா. ஒண்டும் நடக்கேல்லை. அடுத்த நாள் வேற ஆக்கள் ஏறினவை.”

விழுந்திருந்தால் அந்தப் பிள்ளை காப்பாற்ற வந்தாள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஒன்றும் நடக்காததால் அவள் எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. துணைக்கா, கூட்டிக்கொண்டு போகவா. இல்லை, நான் போட்டு வாங்கோ என்று சொன்னதால், சொன்ன சொல்லுக்கு வந்தாளா.

இந்தக் குளிருக்கும் தர்சி போகிறாள். பீக்கன் ஒளிக்கச் சொல்லி அவள் கேட்பதில்லை, நானும் ஒளிப்பதில்லை. ஆனால் ஒன்று. பின்னேரம் வேலையால் வந்து அவள் உள்ளே ஏறின பிறகும், நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். வேண்டுமென்று அல்ல. கை சாத்துதில்லை.

“குளிர் வருதம்மா, கதவைச் சாத்துங்கோ. ஆரைப் பாக்கிறீங்கள்?” என்று அவள் உள்ளேயிருந்து கேட்பாள்.

ஒருவரையும் இல்லை என்று சொல்லிச் சாத்துவேன். சாத்தின பிறகுதான் யோசனை வரும், அந்தப் பிள்ளையை வெளியில் விட்டுச் சாத்தினேனா, உள்ளே விட்டுச் சாத்தினேனா என்று.